பரணில் ஒன்றும் இல்லை

மார்ச் 5, விபூதிப் புதன்

காலைப் பூசைக்குத் தனியாகத்தான் போனேன். வீட்டுக்காரர் அந்துவான் வரவில்லை, வர முடியாது. இடது காலில் கடைசி இரண்டு விரலும் கறுத்துவிட்டன. செருப்பு கடித்த புண் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு திரிந்த மனுஷன். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும், அதனால்தான் வலி தெரியவில்லை என்று நேற்று டாக்டரம்மா விளக்கினார். இவர் யாருடைய காலையோ பார்ப்பது போல அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். ஏப்ரல் முதல் வாரம் வரை பார்க்கலாம் என்றார். சர்க்கரை இறங்கினால் இரண்டு விரலோடு தப்பிக்கலாம். இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும். மாத்திரையெல்லாம் இனி எடுபடாது, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி.

ஒரு மாத மருந்தையும் மொத்தமாக வாங்கி வந்துவிட்டேன். குளிரில் வையுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். காரைக்கால் வெயிலில், நினைத்தபோதெல்லாம் போகும் கரண்டில், ஃப்ரிட்ஜ் கதவின் குளிர்ச்சி எந்த மூலைக்கு? தவக்காலம் என்பதால் ஃப்ரீசரில் கறி இல்லை, காலியாகக் கிடந்தது. கழுவித் துடைத்து எல்லாப் பாட்டிலையும் அங்கே அடுக்கினேன். ஆறு மாத மீனே கெடாமல் கிடக்கும் இடம். வேண்டும்போது ஒன்றை எடுத்து வெளியில் வைத்தால் இளகிவிடும்.

இந்த விஷயத்தில் நான் ஏமாளியாக இருக்கப் போவதில்லை.

மார்ச் 8

ரேடியோவிலிருந்து மெர்சி போன் செய்தாள். நம்மூர் சமூக வானொலியில் வாரா வாரம் நான் பேசும் ஐந்து நிமிடச் சொல் நிகழ்ச்சிக்கு இந்த மாதம் ஒரே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வீட்டில் சாமான் வைக்கும் இடங்களின் பெயர்கள்: அலமாரி, பீரோ, பரண், பெட்டி. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? சரி என்றேன்.

அவருக்குச் சாப்பாட்டை அளந்துதான் போடுகிறேன். கம்பங்களி, கீரை, ஒரு துண்டு மீன். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது சாப்பிடுகிறார்.

மார்ச் 12

சர்க்கரை இறங்கவில்லை.

மார்ச் 13

இன்றும் இல்லை. முந்நூறுக்கு மேலேயே நிற்கிறது. புண் கட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நர்ஸ் கஸ்தூரி, சார் வெளியில் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று தணிந்த குரலில் என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

வெளியில் எங்கே போவார்? கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். ஆனால் அந்துவானை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கிறிஸ்துமஸ் அதிரசத்தைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்து, எறும்பு காட்டிக்கொடுத்து அகப்பட்டவர். கள்ளனை நம்பினாலும் இனிப்புக்காரனை நம்பக்கூடாது.

கேட்டேன். இல்லை என்றார். இன்னொரு தரம் கேட்டதற்கு, "பிலோமி, நான் எதுவும் தொடல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குற்றமில்லாதவன் எதற்குத் திரும்பிப் படுக்கிறான்?

மார்ச் 15

இன்று நிகழ்ச்சிக்காக அலமாரியைப் பார்த்தேன். சொல்லைத்தான் சொல்கிறேன். சும்மா அப்படியே உள்ளேயும் சுத்தம் செய்தேன்.

அலமாரி போர்த்துக்கீசியன் கொண்டு வந்தது. அவன் அர்மாரியோ என்றான், நாம் நம் வாய்க்குத் தோதாக்கிக்கொண்டோம். அதற்கும் மூலம் லத்தீன். முதலில் அது ஆயுதம், கருவி போட்டுவைக்கும் இடம். பிறகு துணிமணி, பிறகு பாத்திரம், கடைசியில் நம் வீட்டு ஊறுகாய் ஜாடி. அதைப் பூட்டும் சாவியும் அவன் சொல்தான், பக்கத்தில் கிடக்கும் மேசையும் அவன் சொல்தான். இந்தக் கரையில் கப்பலை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்து சாமான் வைக்க இடம் காட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பழைய தேன் பாட்டில் மட்டும் இருந்தது, அதையும் கொட்டினேன்.

மார்ச் 17

செபஸ்தி தினம் சாயங்காலம் சீட்டு விளையாட வருவார். மின்துறையில் இவரோடு லைன்மேனாக இருந்தவர். இருவரும் கம்பம் ஏறிய காலத்துப் பேச்சையே திரும்பத் திரும்பப் பேசுவார்கள், ஆனால் அந்த ஒரு மணிநேரம்தான் இவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். இன்று வாசலிலேயே செபஸ்தியிடம் பையைக் காட்டச் சொன்னேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பையில் சீட்டுக்கட்டும் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன. சரியாக விளையாடாமல் சீக்கிரமே எழுந்து போய்விட்டார்.

ஒரு காலைக் காப்பாற்ற இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி?

மார்ச் 20

செபஸ்தி வரவில்லை. மூன்று நாளாக வரவில்லை என்று அந்துவான் சொன்னார். சீட்டுக்கட்டைத் தானே கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

புது மருந்துப் பாட்டில் ஒன்றை எடுத்து வெளியில் வைத்தேன். கல் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இளக்க வேண்டியதாயிற்று. என் கை மரத்துப் போனதுதான் மிச்சம்.

மார்ச் 22

பீரோ. இது பிரெஞ்சுக்காரன் பங்கு. ப்யூர் என்று ஒரு முரட்டுக் கம்பளித் துணி. எழுதும் மேசைமேல் அதை விரித்ததால் மேசைக்கே அந்தப் பெயர் வந்தது. பிறகு மேசை கிடக்கும் அறைக்கு, பிறகு அறையில் நடக்கும் ஆபீசுக்கு. துணி எங்கே, நம் வீட்டு இரும்புப் பீரோ எங்கே. காரைக்கால்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்வேன்.

பீரோவில் இவருடைய பழைய காக்கிச் சட்டைகள், என் பட்டுப்புடவைகள், மகள் ரெஜினா சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கியபோது போட்ட புதுநன்மை உடுப்பு. எல்லா மடிப்பையும் உதறினேன். கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறாய் என்று கேட்கவில்லை.

ரெஜினா திருச்சியிலிருந்து போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைக் கைதி மாதிரி வைத்திருக்கிறேனாம். கைதிக்காவது இரண்டு காலும் இருக்கும் என்றேன். அவள் அழுதாள், நான் வைத்துவிட்டேன்.

மார்ச் 25

முந்நூற்றி நாற்பது. கறுப்பு மூன்றாவது விரலுக்கு வந்துவிட்டது. கஸ்தூரி கட்டை அவிழ்த்ததும் வந்த வாடையில் நான் வெளியே போய் நின்றேன்.

மார்ச் 26

இன்றைக்குக் காலையில் நடந்ததை எழுத வேண்டும்.

அலமாரி பார்த்தாயிற்று, பீரோ பார்த்தாயிற்று, மேசை டிராயர், அரிசிப் பானை, பைபிள் வைக்கும் மாடம்வரை பார்த்தாயிற்று. மீதி இருந்தது அவர் படுத்திருக்கும் மெத்தை. எழுந்திருங்கள் என்றேன். எதற்கு என்றார். எழுந்திருங்கள் என்று மறுபடி சொன்னேன். ஜன்னல் கம்பியைப் பிடித்து, புண்காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றார். நான் மெத்தையைப் புரட்டினேன், தலையணை உறையைக் கழற்றினேன், கட்டில் சட்டத்துக்கு இடையில் கைவிட்டுத் துழாவினேன். நேரம் ஆயிற்று. அவருடைய நின்ற கால் நடுங்க ஆரம்பித்தது. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே துழாவினேன்.

அப்போதுதான் சொன்னார்.

"விடு பிலோமி. நாந்தான் தின்னேன். பரண்ல வெச்சிருந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. மாதாவே, காரணம் கிடைத்துவிட்டது. காரணம் தெரிந்தால் சரிசெய்துவிடலாம். நான் எழுந்து மெத்தையைப் போட்டு, அவரைப் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டேன். தலையைக்கூடக் கோதிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்டூல் போட்டுப் பரண் ஏறினேன். கிறிஸ்துமஸ் குடில் சாமான், ஓட்டைக் குடம், ஒரு பழைய கேக் டப்பா. டப்பா காலி. இனிப்பு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் தின்று தீர்த்திருப்பார். கம்பம் ஏறிய மனுஷனுக்குப் பரண் ஒரு பொருட்டா?

மார்ச் 27

பரண் நம் சொல். தினைப்புனத்தில் கிளி ஓட்டவும் யானை பார்க்கவும் மேலே கட்டிய தட்டு. காவல் காக்கிற இடம். வீட்டுக்குள் வந்தபிறகுதான் ஓட்டைக் குடம் வைக்கும் இடமாயிற்று. இப்போது புது வீடுகளில் அதையே லாஃப்ட் என்கிறார்கள். ஐரோப்பாவின் வடகோடியில் பேசிய பழைய பாஷையில் அந்தச் சொல்லுக்கு ஆகாயம் என்று பொருள். ஆகாயத்தில் கொண்டுபோய்ச் சூட்கேஸ் வைக்கிறோம் என்று எழுதினேன். மெர்சி படித்துப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கும் சிரிப்பு வந்தது.

பரணைக் காலிசெய்து கழுவியாயிற்று. ஸ்டூலையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். இனி இறங்கும்.

மார்ச் 30

இறங்கவில்லை.

ஏப்ரல் 2

இறங்கவில்லை. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு இடம் சொல்வார். ஊசியைக் குத்தும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்கிறேன். சின்னப்பிள்ளை மாதிரி வயிற்றைக் காட்டிக்கொண்டு, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 8

ஆஸ்பத்திரி. காய்ச்சல் கண்டுவிட்டது, நேற்று மாலை சேர்த்தோம். கறுப்பு பாதத்தின் பாதிக்கு வந்துவிட்டது. ரெஜினா இரவுப் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

வார்டு சிஸ்டர், வீட்டில் போடும் இன்சுலின் கொண்டுவந்திருக்கிறீர்களா என்றார். மீதிப் பாட்டில்களை ஐஸ் டப்பாவில் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தேன், பெருமையாக நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

எல்லாமேவா என்று கேட்டார். எல்லாமே என்றேன். உறைந்துபோன இன்சுலின் செத்துப்போகும், இளக்கினாலும் திரும்ப வராது, அதைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான் என்று, சத்தம் போடாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ரெஜினா காப்பி வாங்கப் போயிருந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டரிடம், அவரிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், மற்றது உங்கள் இஷ்டம் என்றார்.

ஏப்ரல் 10

அதே அளவுதான். ஆஸ்பத்திரி மருந்து. நூற்றி எண்பதுக்கு வந்துவிட்டது.

ரெஜினா, பார்த்தாயாம்மா, இங்கே இனிப்பு கிடைக்காததால்தான் இறங்கியது என்கிறாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 12

எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே. இனிக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. சர்க்கரை இறங்கியிருந்ததால் ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம். ஒரு மாதம் முன்பே இறங்கியிருந்தால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14

மெர்சி போன். போன மாதம் நின்றுபோன கடைசி நிகழ்ச்சிக்கு எந்தச் சொல் என்று கேட்டாள். பெட்டியைப் பற்றிப் பேசலாம், கபோர்டு பற்றிப் பேசலாம் என்று அவளே அடுக்கினாள். கோப்பை வைக்கும் பலகைதான் கபோர்டு, நான்தான் அவளுக்கு முன்பு சொல்லியிருந்தேன். ஃப்ரிட்ஜ் பற்றிக்கூடச் சொல்லலாமே டீச்சர் என்றாள்.

தலைவலி என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ரெஜினாவை அவர் பக்கத்தில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்ததும் முழந்தாளிட்டேன். கோபப்பட்டேன், மகளை அழவைத்தேன், செபஸ்தியை வாசலில் அவமானப்படுத்தினேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை விட்டேன். சாமியார் வேறு ஏதும் உண்டா மகளே என்றார். இல்லை சாமி என்றேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று பிள்ளைகளுக்குப் பழமொழி நடத்தியவள் நான். வீட்டில் இருக்கிற அத்தனை கதவையும் திறந்து பார்த்தவள், அந்த ஃப்ரிட்ஜ் கதவை மட்டும் யோசிக்காமலே தினம் இரண்டு வேளை திறந்து மூடினேன்.

பயமாக இருக்கிறது. அவர் என்னை விட்டுவிடுவார் என்பதல்ல. இந்த வயதில் எங்கே போவார், எந்தக் காலோடு போவார்? இனி நான் கொடுக்கும் தண்ணீரையாவது நம்பிக் குடிப்பாரா என்பதுதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சொல்லவில்லை. செபஸ்தி வந்தார். என்னைப் பார்க்காமல் நேராக அவரிடம் போய் உட்கார்ந்தார். சீட்டுக்கட்டைக் கலைக்கும் சத்தம் மட்டும் வராந்தாவரைக்கும் கேட்டது.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன்.

ரெஜினா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். பகல் வெயில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். சுற்றி வளைக்கவில்லை. மருந்தை நான் உறையவைத்துக் கொன்றுவிட்டேன், அதனால்தான் இறங்கவில்லை, உங்கள் கால் போனது என்னால்தான் என்றேன். சிஸ்டர் சொன்னது, நூற்றி எண்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன்.

அவர் போர்வை தட்டையாகப் படிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா நேற்றே சாடைமாடையாக ஏதோ கேட்டாராம், வீட்டு மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று. அப்போதே பாதி புரிந்துவிட்டது என்றார். தெரியாமல் செய்தது, அதை விடு என்றார். அந்தக் குரலில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. களைப்புதான் இருந்தது.

அப்படியானால் பரண், இனிப்பு என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்றைக்கு நின்ற கால் வலித்ததாம். மெத்தையைப் போட்டால் போதும், படுத்தால் போதும் என்று இருந்ததாம். ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் நீ நிறுத்துவாய் என்று தோன்றியது, அதனால் சொன்னேன் என்றார்.

நான் அவர் கையைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், இப்படிச் சொன்னார்:

"மருந்து விஷயம் ஒனக்குத் தெரியாது, சரி. இத்தன வருஷமா என்னத் தெரியும்ல? ஒண்ணும் தொடலன்னு தெனம் சொன்னேன், ஒரு நாளும் நம்பல. பரண் ஏறித் தின்னேன்னேன், ஒடனே நம்பிட்ட. எந்தக் காலால ஏறுனன்னு ஒரு வார்த்த கேட்டியா பிலோமி?"

கேட்கவில்லை. ரெஜினா கஞ்சித் தூக்கோடு வந்தாள், நான் எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டேன்.